புயலில் கொடுத்த வாக்கு

நசரத்பேட்டையில் எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி உடன்குடிப் பக்கத்துக்காரர். தசரா நெருங்கினால் கடையை மைத்துனரிடம் ஒப்படைத்துவிட்டு, காளி வேஷம் தரித்து வீடு வீடாகக் காணிக்கை கேட்பார். வசூலானதைக் குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் உண்டியலில் சேர்த்துவிட்டுத்தான் திரும்புவார். வசதியான மனிதர்; என் வாசலிலும் தட்டேந்தி நிற்பார்.

"பையனுக்குக் காய்ச்சல் கண்டப்போ நேர்ந்துகிட்டேன் சார். வாக்குக் கொடுத்தாச்சில்லா?" என்றார். அந்தப் பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான்.

சென்ற ஆண்டு நானும் அவரோடு போனேன். திருவிழா முடிந்த மறுநாள், சற்றுத் தெற்கே உள்ள மணப்பாட்டுக்கு அழைத்துப்போனார். வழியெல்லாம் தேரி. இரும்புத் துரு பூசிய செம்மணல். தென்மேற்குக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாய்ந்து வந்து காலங்காலமாகக் குவித்தது. மேற்கு மலை மழையை மறைத்துவிடுவதால் பனையும் உடைமரமும் தவிர அதிகமாக ஒன்றும் தலைகாட்டுவதில்லை. கருமேனியாறு கடலில் கலக்கும் இடத்தருகே அந்தப் பாலைக்கு ஒரு முடிவு வருகிறது. அங்கே கடலுக்குள் மூக்கை நீட்டியதுபோல் ஒரு மேடு. மணல் இறுகிக் கல்லானது. மலை என்று சொல்வது மரியாதைக்காகத்தான். ஆனால் சுற்றிலும் தட்டையாக இருக்கும் கரையில், கடலில் வருகிறவனுக்கு அதுவே மலை. இன்று அங்கே கலங்கரை விளக்கமும் இருக்கிறது.

1540-இல் ஒரு போர்ச்சுக்கீசியக் கப்பல் புயலில் சிக்கிப் பாய்மரம் முறிந்ததாம். உயிரோடு கரை சேர்ந்தால் முறிந்த மரத்தில் சிலுவை செய்து நாட்டுவேன் என்று தலைவன் வேண்டிக்கொண்டான். கப்பல் குலசேகரப்பட்டினத்தில் ஒதுங்கியது. அவன் மரத்தை இந்த மேட்டில் கொண்டுவந்து நட்டான். இது ஊர் மரபு. 1542-இல் சவேரியார் வந்தார். அவர் தங்கிய குகையில் அதற்குமுன் ஒரு சைவத் துறவி வாழ்ந்தார் என்பார்கள். திருச்சிலுவைக் கோயில் 1581-இல் எழுந்தது.

என்னை உறுத்தியது அந்தத் தலைவனின் நடைதான். கரையில் கால் பட்டதுமே புயல் பழங்கதையாகிவிட்டது. ஊருக்குப் புதியவன், அவன் வேண்டிக்கொண்டதற்குக் கப்பலுக்கு வெளியே சாட்சி இல்லை. பிறகு ஏன் மணலில் மரத்தைச் சுமந்து ஏறவேண்டும்?

பயத்தில் கொடுத்த வாக்கு செல்லாது என்று வாதாடலாம். நானே வாதாடியிருக்கிறேன். மனைவி நோயில் கிடந்த ஓர் இரவில், தம்பிக்குச் சேரவேண்டிய பூர்வீக வீட்டு வாடகையைக் கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். யாரிடம் சொன்னேனோ, கடவுளுக்கே வெளிச்சம். அவள் எழுந்து நடமாடியதும் எனக்குச் சட்டம் ஞாபகம் வந்தது. கட்டாயப்படுத்திப் பெற்ற சம்மதத்தை மறுத்துவிட 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே இடம் கொடுக்கிறதல்லவா? நல்ல வாதம். அதில் ஓட்டை ஒன்றுதான்: என்னைக் கட்டாயப்படுத்தியது தம்பி அல்ல. அந்தப் பணமோ, நோய் வருமுன்பே அவனுடையது. பயம் புதிதாக எந்தக் கடனையும் உண்டாக்கவில்லை. நான் மூடிவைத்திருந்த பழைய கணக்கைத்தான் திறந்து காட்டிற்று.

இதை மேட்டின்மேல் அண்ணாச்சியிடம் சொன்னேன். உபதேசம் செய்வார் என்று பயந்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வெயில் ஏறுது, இறங்குவோமா?" என்றார்.

உடன்குடியில் நான் கருப்பட்டி வாங்கியபோது மட்டும், "தம்பி வீட்டுக்கும் ஒரு பெட்டி எடுத்துக்கிடுங்க சார்" என்றார்.

கருப்பட்டி தம்பிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வாடகைக் கணக்கை இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.