நம்பிக்கைக்கும் ஓர் அளவுகோல்

நம் பிள்ளைகளின் இடது தோளருகே காணும் சிறு தழும்பு, பிறந்தவுடன் போடப்பட்ட பி.சி.ஜி. எனும் காசநோய்த் தடுப்பூசியின் அடையாளம். 1921-இல் முதன்முதலாக மனிதருக்கு வழங்கப்பட்ட இம்மருந்து, முதல் வகை நீரிழிவையும் தணிக்குமா என்னும் வினா இன்று ஆராயப்படுகிறது.

உடலின் காப்பாற்றலே திசைமாறி, இன்சுலின் சுரக்கும் கணைய உயிரணுக்களை அழிப்பதால் விளையும் நோய் இது. இதற்கு ஆளான குழந்தை நாள்தோறும் இன்சுலின் ஏற்றிக்கொண்டே வாழ வேண்டும். பாளையங்கோட்டையில் அத்தகைய குழந்தையின் தாய், "பழைய ஊசிதானே, போட்டுப் பார்த்தால் என்ன?" என்று கேட்டால் நாம் யாது கூறுவோம்?

நெடுநாள் நோயுற்ற பெரியவர் சிலருக்கு இவ்வூசி போட்டபின், ஆண்டுகள் செல்லச் செல்ல இரத்தச் சர்க்கரை குறைந்ததென்று பாஸ்டன் நகர மருத்துவர் டெனிஸ் ஃபாஸ்ட்மன் குழுவினர் 2018-இல் அறிவித்தனர். ஆயின் புதிதாக நோயுற்ற 94 சிறுவரிடம் நடந்து, 1999-இல் வெளியான ஆய்வில் பயன் காணப்படவில்லை. பிறப்பிலேயே ஊசி பெற்ற நம் பிள்ளைகளுக்கும் இந்நோய் வரத்தானே செய்கிறது?

எனவே முறையான சோதனை தேவை. அதில் குலுக்கல் முறையில் சிலருக்கு மருந்தும், சிலருக்கு மருந்தில்லா ஊசியும் கிடைக்கும். இது கொடுமையன்றோ எனத் தோன்றலாம். 1968 முதல் 1971 வரை செங்கற்பட்டுப் பகுதியில் ஏறத்தாழ 2,60,000 மக்களிடம் பி.சி.ஜி. இவ்வாறே சோதிக்கப்பட்டது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று 15 ஆண்டுத் தொடர் ஆய்வு காட்டிற்று. எல்லாருக்கும் ஊசி போட்டிருந்தால் இவ்வுண்மை வெளிப்பட்டிராது.

பயன் அறியப்படாத மருந்தைப் பெறாதவருக்கு அநீதி நேர்வதில்லை. இருசாராருக்கும் இன்சுலின் தடையின்றிக் கிடைக்குமானால். ஆயினும் குழந்தை, அறிவியலின் கருவியன்று. பெற்றோர் ஆபத்தை அறிந்து இசைய வேண்டும். பிள்ளையின் மறுப்புக்கும் மதிப்பு வேண்டும். எப்போது வேண்டுமாயினும் விலகும் உரிமை வேண்டும்.

அத்தாய்க்கு நாம் கூறத்தக்கது இதுவே: "அம்மா, இன்சுலினை ஒருநாளும் நிறுத்தாதீர்கள். இவ்வூசி குணமாக்கும் என்று இன்று எவரேனும் விற்க வந்தால் வாங்காதீர்கள். சோதனைக்கு அழைத்தால், கேட்க வேண்டியவற்றையெல்லாம் கேட்டபின் முடிவு செய்யுங்கள்." ஆறுதலுக்காகச் சொல்லும் பொய்யைவிட, அளந்து தரும் நம்பிக்கையே அவருக்கு நாம் செய்யும் அன்பு.