யார் கணக்கில் எழுதுவது?

இரண்டு இரவுகளாகத் தூக்கமில்லை. காலையில் பத்திரிகை போடும் பையன் கால்மணி தாமதமாக வந்தான்; வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன்.

மத்தியானம் சற்றுக் கண்ணயர்ந்து எழுந்ததும் வெட்கமாயிருந்தது. 'திட்டியது நானல்ல, தூக்கக்கேடு' என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். விஞ்ஞானமும் சாட்சிக்கு வருகிறது: தூக்கம் கெட்டால், மூளையில் கோபதாபங்களைக் கிளப்பும் அமிக்டலாவை நெற்றிப் பக்கத்து மூளையால் சரிவர அடக்க முடிவதில்லை.

நல்ல வக்கீல்தான். ஆனால் நன்றாகத் தூங்கிய நாளில் அதே பையனிடம், 'காப்பி குடிக்கிறாயா, தம்பி?' என்று கேட்கிறேனே, அந்த அன்பு மட்டும் என் சொந்தச் சம்பாத்தியமா? கோபத்தைத் தூக்கத்தின் கணக்கில் எழுதினால் அன்பையும் அங்கேதான் எழுதவேண்டும்.

இதைவிட உறுத்துவது வேறு. இருட்டியதும் உடம்புக்கு இரவைச் சொல்லும் ஹார்மோன் மெலடோனின். 1958-இல் ஆரன் லெர்னர் அதை மாட்டின் பினியல் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டினார். விடலைப் பருவத்தில் அது பெரியவர்களைவிடப் பிந்திச் சுரக்கிறது. தூக்கமும் பிந்தியே வருகிறது. பையனுக்குப் பதினாறு வயதிருக்கும். பத்திரிகைக் கட்டுப் பிரிக்க நாலு மணிக்கே எழுகிறவன். என் தூக்கத்துக்காக விஞ்ஞானத்தை அழைத்த நான், அவன் தூக்கத்துக்காக அழைக்கவில்லை.

மறுநாள் நேரத்தோடு வந்தான். பத்திரிகையைப் படியில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சைக்கிளை மிதித்தான்.