வாடிய பாத்தியில் நின்ற செடி



கடையில் ஒரு பைக்கற் தக்காளி விதை வாங்கி, வீட்டுக்குப் பின்னாலோ லயத்துக்கு முன்னால் உள்ள சிறு துண்டிலோ நட்டு, நல்ல பழம் கண்டவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். அந்தப் பழங்களுள் பெரியதைத் தின்னாமல் வைத்து, விதையெடுத்து, சாம்பலில் புரட்டிக் காயவைத்து, அடுத்த போகத்தில் போட்டும் இருப்பீர்கள். முளைத்தது என்னவோ நீங்கள் போட்ட விதைதான். ஆனால் காய்த்தது பழைய காய் அல்ல. ஒரு செடியில் கோலிக்குண்டு அளவு, ஒன்றில் கோணற்காய், இன்னொன்றில் பூ மட்டும்.

எங்கள் பங்கில் ஒரு தாய் இந்த முறைப்பாட்டோடு என்னிடம் வந்தார். கொழுந்து பறிப்பவர். ஞாயிறு திருப்பலி முடிந்து எல்லோரும் போகும்வரை காத்திருந்து, சேலைத் தலைப்பில் முடிந்திருந்த நாலு பழங்களை எடுத்துக் காட்டினார். "ஒரே பழத்து வெத சாமி. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல." கொஞ்சநேரம் பேசாமல் நின்றுவிட்டு, "வயித்துப் புள்ளையும் இப்பிடித்தான் போச்சு" என்றார்.

மூத்த மகன் கொழும்பில் வேலை செய்கிறான். கோவிலை விட்டு இரண்டு வருடம். தாய் அழைத்தால் தொலைபேசியை எடுப்பதில்லை. தாய் நாள் தவறாமல் செபமாலை சொல்லி வளர்த்த பிள்ளை.

இரண்டு கேள்விகளையும் ஒன்றாக முடிந்து கொண்டுவந்தார். நான் அவிழ்த்துத் தனித்தனியே விடை சொல்ல முயன்றேன். உங்களுள் எத்தனையோ பெற்றோர் அதே முடிச்சைச் சுமக்கிறீர்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

தக்காளிக் கேள்விக்கு விடை தந்தவர் ஒரு குருவானவர். கிரகோர் மெண்டல், அகுஸ்தீன் சபைத் துறவி. 1822இல் ஓர் ஏழை உழவனின் மகனாகப் பிறந்தார். படிக்கப் பணமில்லாதபோது தங்கை தன் சீதனத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தாள். ஆசிரியர் தராதரப் பரீட்சையில் தவறியவர். இன்றைய செக் நாட்டில் உள்ள புர்னோ நகரின் மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை பட்டாணி வளர்த்தார். உருண்டை மணிச் செடியையும் சுருங்கிய மணிச் செடியையும் கலந்தபோது முதல் தலைமுறை முழுவதும் உருண்டையாகவே வந்தது. சுருக்கம் தொலைந்தது என்றே யாரும் எண்ணியிருப்பார்கள். அவரோ அந்த உருண்டைகளை மறுபடி விதைத்தார். 7324 மணிகள் கிடைத்தன. பொறுமையாக உட்கார்ந்து எண்ணினார். 5474 உருண்டை, 1850 சுருக்கம். தொலைந்தது தொலையவில்லை, மறைந்திருந்தது, அவ்வளவே.

கடைப் பைக்கற்றில் 'எஃப்-1' என்று அச்சிட்டிருந்தால் அது இப்படிப்பட்ட முதல் தலைமுறைக் கலப்பு. அது ஒரே சீராய் வளரும். அதன் பிள்ளைகளில்தான் உள்ளே மறைந்திருந்த பாட்டன் பாட்டிகள் எல்லாம் வெளியே வருகிறார்கள். ஆகவே அந்தத் தாயின் கையிலும் குற்றமில்லை, விதையிலும் குற்றமில்லை. இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. மெண்டலுக்கு அந்த ஆறுதல் கிட்டவில்லை. அவர் 1866இல் அச்சிட்டதை உலகம் கவனிக்கவில்லை. 1884இல், மூவிராசாக்கள் திருநாளன்று இறந்தார் (நம் கண்டி தனி விக்காரியத்தாக உயர்த்தப்பட்டதற்கு மறு ஆண்டு அது). 1900இல்தான் அவர் கண்டது என்னவென்று அறிஞர்கள் உணர்ந்தார்கள்.

அவர் வழியில்தான் இன்றும் புது இனங்கள் பிறக்கின்றன. பேராதனைப் பூங்காவிலிருந்து மகாவலியைக் கடந்தால் கன்னொறுவை. மரக்கறிப் பயிர்களுக்கான விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிறுவகம் அங்கே இருக்கிறது. புது இனம் உண்டாக்குவது மந்திரமல்ல. பூ விரிவதற்கு முன்னமே மொட்டைத் திறந்து, அதன் மகரந்தப் பைகளை இடுக்கியால் நீக்கி, வேறு செடியின் மகரந்தத்தைத் தடவி, நூல் கட்டி அடையாளம் வைப்பார்கள். பிறகு வருவதெல்லாம் காத்திருப்பு. குணம் நிலைக்க ஆறேழு தலைமுறை விதைத்துத் தெரிந்தெடுக்க வேண்டும். பெரும்போகம், சிறுபோகம் என்று வருடத்துக்கு இரண்டு முறை விதைத்தாலும் மூன்று நான்கு வருடம் போய்விடும். அதன் பிறகுதான் ஊர் ஊராகப் பயிரிட்டுப் பார்ப்பது. திணைக்களத்தின் தக்காளி இனங்களுள் ஒன்றுக்குத் 'திலின' என்று பெயர். சிங்களத்தில் அதற்குக் கொடை என்று பொருள். நல்ல பெயர்தான்.

மலைநாட்டில் தக்காளி போட்டவர்களுக்கு வாடல் நோயைத் தெரியாமல் இராது. நேற்றுப் பச்சைப்பசேலென்று நின்ற செடி இன்று வெந்நீர் ஊற்றியது போல் தொங்கும். தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீரில் நிறுத்திப் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால் போல் ஓர் இழை இறங்கும். அது பற்றீரியா. மண்ணிலே வருடக்கணக்கில் குடியிருக்கும். மருந்தடித்து ஒழிப்பது அரிது. இதைத் தாங்கும் இனத்தைத் தேடுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? நல்ல மண்ணைத் தேடிப் போவதில்லை. நோயுள்ள மண்ணிலேயே வேண்டுமென்று நடுகிறார்கள். நூறு செடி சரிந்து விழ, நடுவில் ஒன்றோ இரண்டோ நிமிர்ந்து நிற்கும். அதிலிருந்துதான் விதை.

கொழும்பு கெட்ட மண், பிள்ளையை அங்கே அனுப்பியதே பிழை என்று அந்தத் தாய் தன்னையே நொந்துகொண்டிருந்தார். எந்த மண்ணில் வாடல் இல்லை? நம் தோட்டத்து லயங்களில் இல்லையா, சாராயம் விற்கும் மூலைகளில் இல்லையா? நம் ஆண்டவரும் சோதனை இல்லாத ஊருக்கு நம்மைக் கூட்டிப்போவதாக வாக்களிக்கவில்லை.

ஆனால் இந்த உவமையை இதற்கு மேல் இழுத்தால் பெரும் பிழையாகிவிடும். விசுவாசம் விதையில் வருவதில்லை. பட்டாணிக்குத் தெரிவு கிடையாது. மெண்டலால் அதன் பேரப்பிள்ளைகளைக் கணக்கிட முடிந்தது. மனிதப் பிள்ளைக்கு இறைவன் சுதந்திரம் கொடுத்திருக்கிறார், தம்மையே மறுக்கும் அளவுக்கு. 'நல்ல தாய்க்கு நல்ல பிள்ளை, கெட்டவன் எந்த வயிற்றில் பிறந்தானோ' என்று பேசும் நாக்குகள் நம் பங்குகளில் உண்டு. திருப்பலி முடிந்து வாசலுக்கு வருவதற்குள் பேசத் தொடங்கிவிடும். அந்தத் தாய் ஏன் எல்லோரும் போகும்வரை காத்திருந்தார் என்று நினைக்கிறீர்கள்?

இன்னொன்றும் உண்டு. புது இனம் தேடுகிறவர் வாடியதைப் பிடுங்கி எறிகிறார். அது அவர் தொழில். பிடுங்காவிட்டால் அடுத்த செடியும் கெடும். கோதுமையில் களை கண்ட வேலையாட்களும் அப்படித்தான் நினைத்தார்கள். நிலத்துக்காரர் அவர்கள் கையைத் தடுத்து, அறுவடைவரை விடச் சொன்னார். பயிர் வளர்ப்பவன் யாரும் செய்யாத காரியம் அது. நாமோ வேலையாட்களின் பக்கம். வீட்டில் நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு தட்டு, தவறிய பிள்ளைக்கு ஒரு தட்டு என்று வைக்கிறோமா இல்லையா? 'அவன் எனக்குப் பிள்ளையே இல்லை' என்று சொன்ன தகப்பன்மார் இதை வாசித்துக்கொண்டும் இருக்கலாம். ஐயா, உங்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது யார்?

கன்னொறுவையிலேயே இன்னொரு வீடு இருக்கிறது. ஜப்பான் நாட்டு உதவியோடு 1988இல் அமைந்த தாவர மரபுவள நிலையம். விலை போகாத பழைய நாட்டு இனங்களின் விதைகளையும், பயிர்களுக்கு உறவான காட்டுச் செடிகளின் விதைகளையும் அங்கே குளிரறைகளில் காத்து வைக்கிறார்கள். நாளைக்கு வரும் நோய் எது, அதைத் தாங்கும் குணம் எந்தச் சுருங்கிய விதைக்குள் மறைந்திருக்கிறது என்று இன்று எவராலும் சொல்ல முடியாதல்லவா? விதைக்கே அவ்வளவு தயை காட்டுகிறார்கள்.

மூன்று வருடம் காய்க்காத அத்திமரத்தின் கதை உங்களுக்குத் தெரியும். வெட்டச் சொன்னார் உரிமையாளர். இன்னும் ஒரு வருடம் பொறுங்கள், சுற்றிக் கொத்தி எருப் போடுகிறேன் என்று தோட்டக்காரன் மன்றாடினான். மறு வருடம் மரம் காய்த்ததா? இயேசு சொல்லவில்லை. நான் எத்தனையோ முறை அந்தப் பகுதியை வாசித்து, முடிவைக் காணாமல் மூடியிருக்கிறேன். தோட்டக்காரன் மண்வெட்டியை எடுத்தான் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

அந்தத் தாய்க்கு நான் சொன்னது கொஞ்சம்தான். எஃப்-1 அல்லாத இனத்தின் விதையை வாங்குங்கள், அது குணம் மாறாது. வாடிய பாத்தியில் நின்ற செடிக்கு நூல் கட்டுங்கள். அதன் முதற்பழத்தை விற்காமல் விதைக்கு விடுங்கள். விதையைச் சதையோடு ஓரிரு நாள் புளிக்கவிட்டுக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். மகனைப் பற்றிச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. அழைப்பதை நிறுத்த வேண்டாம் என்றேன்.

ஒவ்வொரு நாளும் இரவு செபமாலை முடிந்ததும் அழைக்கிறாராம். அவன் எடுப்பதில்லை. மணி அடித்துத் தானாக ஓயும்வரை தொலைபேசியைக் காதில் வைத்திருக்கிறார். "எம் பேரு அவன் போன்ல தெரியும்ல சாமி" என்கிறார்.