சுமப்பதும் காப்பதும் ஒன்றே

இறாலின் தலையைக் கிள்ளும்போது விரலில் மஞ்சளாய்ப் பசை ஒட்டும். அழுக்கென்று கழுவிவிடுகிறோம். ஈரலும் கணையமும் ஒன்றாய் அமைந்த உறுப்பு அது. தின்ற தீனியின் கொழுப்பு அங்கேதான் சேர்கிறது. ஓடு மாற்றவும் சினை பிடிக்கவும் அந்தக் கொழுப்பு உடம்பெங்கும் போயாக வேண்டும். போகும் வழியோ இரத்தம். அதில் பெரும்பகுதி தண்ணீர். ரசத்தின் மேல் தாளித்த எண்ணெய் ஒதுங்கி நிற்பதுபோல, தனியே விட்டால் கொழுப்பு அதில் கலக்காது. ஆகவே புரதம் அதைச் சுமந்து போகிறது.

நம் பரிசோதனைச் சீட்டில் எல்.டி.எல்., எச்.டி.எல். என்று வருபவையும் இப்படிச் சுமப்பவைதான். இறால் இனத்தில் எச்.டி.எல். வகையே மிகுதி. சரக்கும் வேறு. நம் இரத்தத்தில் டிரைகிளிசரைடு நிறையப் பயணிக்கிறது, பூச்சிகளில் டைகிளிசரைடு, இறால்களில் பாஸ்போலிப்பிடு. இதன் ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறுமுனை விலகும். கொலஸ்டிராலும் இதே வண்டியில்தான் வருகிறது. அதை இறாலால் தானாக உண்டாக்க முடியாது. உணவில் கிடைத்தால்தான் உண்டு.

அர்ஜென்டினாவின் நன்னீரில் வாழும் மேக்ரோபிராக்கியம் பொரெல்லி என்ற இறாலில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாய் ஒரு எச்.டி.எல். உண்டு. முட்டைக்குள் மஞ்சள் கரு திரளும் பருவத்தில் பெண்ணுக்கு மட்டும் இன்னொன்று தோன்றுகிறது: விட்டெல்லோஜெனின். ஆக்சிஜனைச் சுமந்து இரத்தத்துக்கு நீலம் தரும் செம்புப் புரதமான ஹீமோசயானினும் இந்த இறாலில் கொழுப்புக்குக் கொஞ்சம் தோள் கொடுக்கிறது.

என்னை மிகவும் வியக்கவைத்தது சுவீடனில் தெரியவந்த செய்தி. அங்குள்ள நன்னீர்ச் சிங்கி இறால்களை 1907 முதல் அஃபனோமைசிஸ் என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிர் கொன்று குவித்தது. அதைத் தாங்கும் சிக்னல் சிங்கி இறாலை 1960களில் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தார்கள். உப்சாலா பல்கலைக்கழகத்தில் கென்னத் சோடர்ஹால் குழு அதன் இரத்தத்தை ஆராய்ந்தது. பூஞ்சைச் சுவரிலுள்ள பீட்டா குளுக்கானைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்ளும் ஒரு காவல் புரதத்தையும், காயம்பட்டால் இரத்தத்தை உறையவைக்கும் ஒரு புரதத்தையும் அவர்கள் ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். கொழுப்பைச் சுமக்கும் முக்கியப் புரதங்கள் எவை என்று தேடியபோது, 1995இல், கையில் சிக்கியவை அதே இரண்டும்தான்! உறையவைக்கும் புரதம் விட்டெல்லோஜெனினுக்கு உறவு என்பது 1999இல் தெளிவானது. ஆனால் விட்டெல்லோஜெனின் போலன்றி, உறையவைக்கும் புரதம் ஆணிலும் இருக்கிறது.

யோசித்தால் இதில் ஒரு நியாயம் தெரிகிறது. இந்த உயிர்களின் உடலில் இரத்தம் குழாய்களுக்குள் மட்டும் ஓடுவதில்லை. உறுப்புகளைச் சுற்றி நேரடியாகவே பாய்கிறது. ஒரு கால் ஒடிந்தால் போதும், இரத்தம் கொட்டிவிடும். எங்கும் நிறைந்திருக்கும் கொழுப்புப் புரதம் அந்த இடத்திலும் இருக்கும். இரத்த அணுக்கள் உடைந்து ஒரு நொதியை விடுகின்றன. கால்சியத்தின் துணையோடு அது புரதங்களை ஒன்றோடொன்று பின்னிவிடுகிறது. இரத்தம் கட்டியாய் உறைந்து காயத்தின் வாய் அடைபடுகிறது.

நுண்ணுயிர் நுழைந்தாலோ, குளுக்கானைப் பிடித்துக்கொண்ட காவல் புரதம், அதாவது அந்த எச்.டி.எல்., இரத்த அணுக்களை உசுப்புகிறது. அவை விடும் நொதி மெலனினை உண்டாக்கி, ஊடுருவிய இழையைச் சுற்றிக் கருப்பாய்ப் பூசுகிறது. நோயைத் தாங்கிப் பிழைத்த சிக்னல் சிங்கி இறாலின் ஓட்டில் தெரியும் கரும்புள்ளிகள், அப்படிச் சிறைப்பட்ட இழைகள்.