போதுமான ஒரு ஜோடி

பல வேளைகளுக்கும் பொருந்தும் ஒரே பொருளைத் தேடுவது சிக்கனமா, துறவின் சாயல் படிந்த ஓர் ஒழுக்கமா, அல்லது ஆசை தனக்கு இட்டுக்கொண்ட கௌரவமான பெயரா என்னும் கேள்வி, பார்வைக்குச் சிறியதாக இருந்தாலும், உடைமை பற்றிச் சமயங்களும் தத்துவங்களும் நெடுங்காலமாக நடத்திவரும் விவாதத்தின் நடுவில் நிற்பது. அதை ஆராயப் பெரிய உடைமைகளைவிடச் சிறியவையே வசதியானவை. வீடு, நிலம் போன்றவற்றில் குடும்பம், மானம், வாரிசு எனப் பலவும் கலந்து தேவையையும் ஆசையையும் பிரித்தறிய விடுவதில்லை, காலணியிலோ தேவை இவ்வளவென்று பாதமே சொல்லிவிடும். இங்கே எடுத்துக்கொள்ளப்படுவது ஆண்கள் அணியும் செல்சீ பூட்ஸ். கணுக்கால் வரை உயர்ந்து, நாடாவும் கொக்கியும் இல்லாமல், இரு பக்கமும் எலாஸ்டிக் பட்டை தைக்கப்பட்டு, இழுத்துப் போட்டுக்கொள்ளப் பின்புறம் ஒரு துணிக்காது வைத்த இந்தக் காலணியை வாங்குவோர் பெரும்பாலும் சொல்லும் நியாயம் ஒன்றுதான்: அலுவலகத்துக்கும் ஆகும், விருந்துக்கும் ஆகும், ஜீன்ஸுக்கும் ஆகும், ஆகவே இந்த ஒன்று போதும்.

அது பிறந்த இடம் லண்டன். விக்டோரியா அரசிக்குக் காலணி செய்துகொடுத்த ஜோசப் ஸ்பார்க்ஸ் ஹால், 1830களின் இறுதியில், நாடா கட்டும் தொல்லையைத் தவிர்க்கக் கணுக்காலின் பக்கங்களில் இழுபடும் பட்டையை வைத்துப் பார்த்தார். அக்காலத்து ரப்பர் குளிரில் விறைத்து வெயிலில் பிசுபிசுக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கி அதை நிலைப்படுத்தும் வல்கனைசேஷன் முறைக்கு அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்ற பிறகே அத்தகைய பட்டைகள் நம்பத்தக்கவையாயின. செல்சீ என்ற பெயர் வெகு பின்னால், 1950களிலும் 60களிலும், லண்டனின் செல்சீ பகுதியில் கிங்ஸ் ரோட்டைத் தம் வாசலாக்கிக்கொண்ட ஓவியர்களையும் இசைக்காரர்களையும் ஒட்டி வந்தது. இதற்கிடையே ஆஸ்திரேலிய மாட்டுப் பண்ணைகளில் அதே வடிவம் வேலைக்காரர் காலணியாக நிலைபெற்றிருந்தது. அரசி, மாடு மேய்ப்பவர், கிதார்க்காரர் ஆகிய மூவருக்கும் ஒரே வடிவம் ஒத்துப்போயிற்று என்பதால், 'எதற்கும் ஆகும்' என்ற பேச்சை வெறும் விற்பனைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது.

எதனால் ஆகிறது என்பதே ஆராயத்தக்கது. தமிழ் இலக்கணமும் தருக்கமும் பழக்கிவைத்துள்ள பொது, சிறப்பு என்னும் இணையைக் கொண்டு பார்த்தால், ஒரு பொருள் பலவற்றுக்கும் பொதுவாவது அதில் ஏதோ கூடுதலாக இருப்பதால் நிகழ்வதில்லை. ஏதேனும் ஒன்றுக்கு மட்டும் உரியதென்று காட்டிக்கொடுக்கும் சிறப்பு அடையாளங்கள் அதில் இல்லாததால் நிகழ்கிறது. துளையிட்ட பூவேலை கிராமப்புறத்தையும், கூர்த்த முனையும் உயர்ந்த குதியும் மேடையையும், தடித்த பற்கள் கொண்ட அடி வயற்காட்டையும் நினைவூட்டும். மிதமாக உருண்ட முனை, தாழ்ந்த குதி, மெல்லிய ரப்பர் அடி ஆகியவை எதையும் நினைவூட்டாமல் ஒதுங்கி நிற்கும். நிறத்திலும் இதே கதை: நகரத்துக்குக் கருப்பு, நாட்டுப்புறத்துக்குப் பழுப்பு என்று ஆங்கிலேயர் நெடுநாள் காத்த வழக்கம் தளர்ந்துவிட்ட இன்று, அடர்ந்த பழுப்பு கருப்பைவிடப் பொதுவானது. இறுதிச் சடங்கும் மிகக் கறாரான அலுவலக உடையுமே அதற்கு வெளியே நிற்பவை.

ஆனால் நிகழ்ச்சிகளுக்குப் பொதுவாகும் இந்தக் காலணி கால்களுக்குப் பொதுவாவதில்லை. நாடா உள்ள காலணியில் புறங்கால் சற்று மெலிந்தாலும் தடித்தாலும் இறுக்கியும் தளர்த்தியும் சரிசெய்துகொள்ளலாம். செல்சீயில் அந்த இடமே இல்லை, புறங்காலைப் பிடித்தால் பிடித்ததுதான். விவரம் அறிந்தவர் கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் போட்டுப் பார்ப்பதும், நடக்கும்போது குதி இலேசாக எழும்பினால் பொறுத்து, புறங்காலில் தளர்ச்சி கண்டால் திருப்பிவிடுவதும் இதனால்தான். கி.பி. முதல், இரண்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த எபிக்டெட்டஸ் என்னும் ஸ்டோயிக் சிந்தனையாளர் இந்த உதாரணத்தையே கையாண்டிருக்கிறார். நம் கையில் உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் பிரித்தறிந்து, செல்வம், உடை போன்றவற்றை நன்மையும் தீமையும் அற்ற நடுநிலைப் பொருள்களாகக் கொள்ளும் மரபு அது. செருப்புக்குப் பாதம் எப்படியோ அப்படியே உடைமைக்கு உடல் அளவாகும் என்பதும், அந்த அளவைத் தாண்டினால் முதலில் பொன் பூசிய செருப்பு, பிறகு செந்நீலச் செருப்பு, பிறகு பூவேலைச் செருப்பு என்று போய்க்கொண்டே இருக்கும், எல்லை கடந்ததற்கு மேல் எல்லை கிடையாது என்பதும் அவர் கருத்தின் சுருக்கம். அடிமையாக வாழ்ந்தவர், கால் ஊனமுற்றவர் என்று மரபு கூறும் ஒருவர் இதைச் சொன்னார் என்பதால் உதாரணத்துக்குக் கனம் கூடுகிறது. ஆயினும் அதில் ஒரு குறை உண்டு: பாதம் அளவைச் சொல்லும், எண்ணிக்கையைச் சொல்லாது. சரியாகப் பொருந்தும் ஆறு ஜோடிகளை வைத்திருப்பவரிடம் பாதம் எதுவும் பேசுவதில்லை.

எண்ணிக்கையையும் இடத்தையும் சேர்த்து எண்ணிப் பார்த்த நூல் பௌத்தரின் விநயபிடகம். துறவியரின் அன்றாட ஒழுக்கத்தை வகுக்கும் அந்தத் தொகுப்பில், மகாவக்கம் என்னும் பகுதியின் ஐந்தாம் அத்தியாயம் முழுவதும் தோலையும் காலணியையும் பற்றியது. சம்பா நகரத்துச் செல்வர் மகனான சோணன், உள்ளங்காலில் மயிர் முளைக்கும் அளவுக்கு மென்மையாக வளர்ந்தவன். அந்தப் பாதத்தைக் காண மகத மன்னன் பிம்பிசாரன் விரும்பியபோது, அரசனை நோக்கிக் காலை நீட்டிவிடாமல், சம்மணமிட்டு அமர்ந்து உள்ளங்கால் தானாகத் தெரியும்படி இருக்கவேண்டும் என்று பெற்றோர் சொல்லி அனுப்பினார்கள். பின்னர்த் துறவியான அவன் இடைவிடாது நடந்தபடியே தியானம் பழகியதில் பாதம் வெடித்து, நடைபாதை மாடு அறுத்த இடம்போல் இரத்தமாயிற்று என்று நூல் சொல்கிறது. மிக முறுக்கிய நரம்பிலும் மிகத் தளர்ந்த நரம்பிலும் இசை பிறக்காது என்பதை அவன் வாயாலேயே சொல்ல வைத்த புத்தர், ஒற்றைத் தோல் அடுக்கு கொண்ட செருப்பை அவனுக்கு அனுமதித்தார். எண்பது வண்டிப் பொன்னை விட்டு வந்தவன் இப்போது செருப்பில் ஒட்டிக்கொண்டான் என்று ஊர் பேசுமே என்று அஞ்சிய சோணன், சங்கத்தார் அனைவருக்கும் அனுமதித்தால் மட்டுமே தானும் அணிவதாகச் சொல்ல, விதி பொதுவாயிற்று.

இங்கேதான் எபிக்டெட்டஸ் முன்னறிந்த சரிவு நடக்கிறது. ஒன்றுக்கு இடம் கிடைத்ததும், அடங்காத ஆறு பிக்குகளின் குழு நீலம், மஞ்சள், சிவப்பு, கருப்பு என்று வண்ணச் செருப்பு அணிய, ஊரார் முகம் சுளிக்க, ஒவ்வொன்றும் விலக்கப்படுகிறது. பிறகு பஞ்சு அடைத்தது, ஆட்டுக்கொம்புபோல் முனை வளைந்தது, தேளின் வால் வடிவினது, மயில்தோகை தைத்தது, சிங்கத்தோலும் புலித்தோலும் ஒட்டியது என்று விலக்குப் பட்டியல் நீள்கிறது. அதில் காலை மூடிக் கட்டும் ஒரு வகையும் உண்டு. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் புத்தகோசர் பெயரால் எழுந்த சமந்தபாசாதிகா என்னும் உரை, பாதம் முழுவதையும் கெண்டைக்கால் வரை மறைக்கும் யவனர் காலணி என்று அதற்குப் பொருள் சொல்கிறது. செல்சீ பூட்ஸின் மூதாதையை உரையாசிரியர் ஏறத்தாழ அடையாளம் காட்டிவிட்டார் எனலாம். அடுக்குக் கூடிய செருப்புக்கும் தடை இருந்தது. ஆனால் அவந்தி நாட்டிலிருந்து, பெயரில் மட்டும் முன்னவனை ஒத்த வேறொரு சோணன், தன் ஆசிரியர் மகாகச்சானரின் வேண்டுகோளோடு வந்து, அங்கே மண் கரிசல், மாட்டுக் குளம்பு மிதித்துக் காய்ந்து முள்ளாகக் குத்துகிறது என்று தெரிவித்தபோது, எல்லைப்புற நாடுகளுக்கெல்லாம் பல அடுக்குச் செருப்பு அனுமதிக்கப்பட்டது. ஒரே காலணி எல்லா இடத்துக்கும் போதும் என்ற எண்ணத்தை விநயம் ஏற்கவில்லை. தரையையும் கேட்டுவிட்டே அது அளவை முடிவுசெய்கிறது.

அதே அத்தியாயத்தில் இன்னொரு நிகழ்ச்சி செல்சீ பூட்ஸை நேராகத் தொடுவது. ஓர் இல்லறத்தார் வீட்டில் அழகிய புள்ளிகள் கொண்ட இளங்கன்றை ஒரு பிக்கு கண் எடுக்காமல் பார்க்கிறார். ஏன் என்று கேட்டதற்கு அதன் தோல் வேண்டும் என்கிறார். வீட்டுக்காரர் கன்றைக் கொன்று தோலை உரித்துக் கொடுக்கிறார். மேலாடைக்குள் அதை மறைத்துக்கொண்டு திரும்பும் பிக்குவின் பின்னாலேயே தாய்ப்பசு நடந்து வருகிறது. இந்தப் பசு ஏன் உங்களைத் தொடர்கிறது என்று மற்றவர்கள் கேட்க, தெரியவில்லை என்கிறார். ஆடையில் இரத்தக் கறை இருக்கிறது. மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியைக் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்தப் பசுவைத் தெரியும், ஆனால் திருவாரூரில் கன்று தற்செயலாக இறந்தது, இங்கே ஒரு பார்வையால் இறந்தது. கொலைக்குத் தூண்டுவதும் மாட்டுத்தோலை வைத்திருப்பதும் அதன்பின் விலக்கப்பட்டன. அந்த விதி விரிப்புக்கும் இருக்கைக்குமான தோலைப் பற்றிய பகுதியில் வருகிறது, செருப்பு அனுமதி அப்படியே நின்றது என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

நல்ல செல்சீ பூட்ஸின் மேல்தோல் பெரும்பாலும் கன்றுத்தோல். இளம் விலங்கின் தோலில் மயிர்க்கால்கள் நுண்ணியவையாக, பரப்பு வழவழப்பாக இருக்கும். அலங்காரமும் தையலும் மிகுந்த காலணியில் சிறு துண்டுகளை இணைத்து வடுக்களைத் தவிர்த்துக்கொள்ளலாம், அலங்காரமே இல்லாத இந்தக் காலணியிலோ ஒவ்வொரு பாகமும் பெரியது, ஒரு முட்கீறல் இருந்தாலும் கண்ணில் படும். 1932இல் தொடங்கிய ஆர்.எம்.வில்லியம்ஸ் என்னும் ஆஸ்திரேலிய நிறுவனத்தின் பெயர்பெற்ற பூட்ஸில் மேல்தோல் முழுவதும் ஒரே துண்டு, பின்புறம் ஒரே தையல். அணிபவர் எளிமை என்று எண்ணும் அந்த வெறுமைக்கு வடுவில்லாத தோல் தேவைப்படுகிறது. எனவே எளிய தோற்றத்தையே எளிய வாழ்வின் சான்றாகக் கொள்வது அவசரமான முடிவு. கன்றுகள் பால், இறைச்சித் தொழில்களின் பொருட்டே கொல்லப்படுகின்றன, தோல் உபரிதான் என்ற பதில் பாதி உண்மை. தோலுக்குக் கிடைக்கும் விலையும் அந்தத் தொழில்களின் கணக்கில் ஏறுகிறது. பிளாஸ்டிக் பூசிய துணி இந்தக் குற்றத்தை விலக்கினாலும், மடியும் இடத்தில் சில ஆண்டுகளில் பொருக்கு விட்டு உதிர்ந்து, ஒன்று போதும் என்றவரை மறுபடியும் கடைக்கு அனுப்பிவிடுகிறது. நடுவழி ஒன்று உண்டென்றால் அது ஸ்வேட். மேற்பரப்பை விட்டு உட்பரப்பைத் தேய்த்து எடுக்கும் தோல் என்பதால் மேலே வடு இருந்தாலும் பயன்படும். மழைக்கு அஞ்சி அதை ஒதுக்குவோர் நீர்விலக்குத் தெளிப்பின் பயனைக் குறைத்து மதிக்கிறார்கள். இந்தக் கணக்குக்கு வெளியே தமிழ் நிலமும் இல்லை: 19ஆம் நூற்றாண்டில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல்கள் சென்னையிலிருந்து லண்டன் சந்தைக்குக் கப்பலேறின.

ஒரு பொருள் போதுமானதாவது அதன் ஆயுளையும் பொறுத்தது. குட்இயர் வெல்ட் என்னும் முறையில், மேல்தோலையும் உள்ளடியையும் ஒரு தோல் விளிம்போடு தைத்து, அந்த விளிம்பில் வெளியடியைத் தனியாகத் தைப்பதால், தேய்ந்த அடியை மட்டும் பிரித்து மாற்ற முடியும். இரண்டு அடிகளுக்கும் இடையே உள்ள பள்ளத்தில் தக்கைத்தூளைக் குழைத்து நிரப்புவார்கள். நடக்க நடக்க அது அமுங்கி, குதியும் விரல்களும் பதிந்த அச்சாகிவிடும். கடையில் யாருக்கும் உரியதாக இருந்த பொருள் சில மாதங்களில் ஒருவருக்கு மட்டும் உரியதாகிறது. முதலில் தளர்வது தோலன்று, அந்தக் காலணியைச் சாத்தியமாக்கிய எலாஸ்டிக் பட்டைதான். அதை மாற்றப் பக்கத் தையல் முழுவதையும் பிரிக்கவேண்டும் என்பதால் பழுது பார்ப்பவர் பலர் கையை விரித்துவிடுவார்கள்.

மகாவக்கத்தில் பல அடுக்குச் செருப்புக்கு விதித்த தடையில் தொடக்கத்திலேயே ஒரு சிறு வாசல் திறந்திருந்தது. நொண்டியபடி புத்தரின் பின்னே வரும் ஒரு பிக்குவிடம், புத்தரைக் கண்டதும் தன் செருப்பைக் கழற்றிவிட்டு வணங்கிய இல்லறத்தார் ஒருவர் காரணம் கேட்டு, பாதம் வெடித்திருப்பதை அறிந்து, அந்தச் செருப்பையே நீட்டுகிறார். பல அடுக்கு என்பதால் பிக்கு தயங்க, பிறர் அணிந்து கழற்றியதானால் பெறலாம், புதியது கூடாது என்று புத்தர் வகுக்கிறார். அந்த வாசல் வழியே வந்தால், இன்று லண்டனின் பழைய பொருள் கடைகளில் கிடைக்கும் பிறர் அணிந்த பூட்ஸும் ஏற்கத்தக்கதே, அதற்காக இனி எந்தக் கன்றும் சாகவேண்டியதில்லை. தடையாக நிற்பது உள்ளே பதிந்திருக்கும் முந்தையவரின் அச்சு. இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன் காலணிக் கூடங்களில் அடியைப் பிரித்து, இறுகிக் கருத்த பழைய தக்கையைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதிய தக்கைத்தூளைக் குழைத்துப் பூசி, மறுபடியும் தைத்துக் கொடுக்கிறார்கள். சில வாரம் நடந்ததும் அது இரண்டாம் பாதத்தின் வடிவை எடுத்துக்கொள்கிறது.