தீயில் விலை ஏறிய நிலம்

இந்த விஷயத்தைப் பேசினால் வியாபாரிகளாகிய நாம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவோம் என்பது தெரியும். இருந்தாலும் பேசத்தான் வேண்டும்.

1961-ம் ஆண்டு மே மாதம் 25-ந் தேதி, ஹஜ்ஜுப் பெருநாளன்று பிற்பகல், சிங்கப்பூர் புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் தீப்பிடித்த செய்தியைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பலகையும் அத்தாப்பும் கொண்டு நெருக்கிக் கட்டிய வீடுகள். நான்கு பேர் மாண்டனர். ஏறக்குறைய 16,000 ஜனங்கள் வீடிழந்தனர். முந்திய ஆண்டு தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் துரிதமாக அடுக்குமாடிகளைக் கட்டி, ஓராண்டுக்குள் அவர்களுக்கு இருப்பிடம் கொடுத்தது. ஓரறை வீட்டுக்கு மாத வாடகை 20 வெள்ளி. இதை எல்லாரும் மெச்சுகிறோம். நிலம் எப்படிக் கிடைத்தது என்று கேட்பவர் குறைவு.

தீ அழித்த நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டால், காலி மனையாக அது பெறக்கூடிய விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சொந்தக்காரருக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்று சட்டம் செய்தார்கள். கேட்டவுடன் நம் நெஞ்சு பதறும். பத்திரம் வைத்திருப்பவனுக்கு முழு விலை கொடுக்காதது நியாயமா?

எனக்கு இதில் நியாயமே தெரிகிறது. ஆயிரக்கணக்கானோர் குடியிருக்கும் நிலத்தை வாங்க யார் வருவார்? குடிசைகள் எரிந்து சாம்பலான மறுநாள் அது காலி மனை, விலை பன்மடங்கு. அந்த ஏற்றத்துக்குச் சொந்தக்காரர் முதலும் போடவில்லை, உழைக்கவுமில்லை. ஏழையின் அடுப்பும் பாயும் எரிந்து பிறந்த இலாபம் அது. கலப்படச் சரக்கில் வந்த காசைத் தொடக் கூசுகிற நாம் இதை மட்டும் எப்படிக் கல்லாவில் போடுவோம்? அந்த விலையையும் கொடுத்திருந்தால் பாரம் கடைசியில் வாடகைக்காரன் தலையில்தான் விழுந்திருக்கும்.

ஆனால் கணக்கு அத்தோடு தீர்ந்ததாக நான் எண்ணவில்லை. கம்பத்திலே கோழி வளர்த்தும், வாசலில் பலகாரம் விற்றும் பிழைத்தவர்களுக்கு மாடிவீட்டில் அந்தத் தொழிலுக்கு இடமில்லை. கையில் காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் பிறந்தால் வாடகை கேட்பார்கள். நிலம் இழந்தவருக்கு மூன்றில் ஒரு பங்கு என்று சட்டம் அளந்து வைத்தது. பிழைப்பை இழந்தவருக்கு எவ்வளவு சேரவேண்டும் என்பதையும் யாராவது அளந்திருக்க வேண்டாமா?