தறியும் கயிறும்

பொதுப்பள்ளியில் ஏனைய மாணாக்கரோடு உடனிருந்து பயிலும் சிறுவன் ஒருவன், பாடத்தை வாயாற் சொல்லக் கேட்பின் நன்கறிகின்றான். ஏட்டைக் கொடுத்துப் படிக்கச் சொல்லின் எழுத்துக்கூட்ட மாட்டாது தடுமாறுகின்றான். இவனுக்குச் சிறப்பாசிரியர் துணையும், தேர்வில் மிகைநேரமும், அவன் சொல்வதை எழுத ஒருவரும் அளித்தல் நீதியாமோ என்று சைவ நன்மக்களே சிலர் வினவுகின்றனர். குறை பழவினைப் பயனாகலின் நுகர்ந்தே கழிக்கற்பாலது என்பது அவர் கூறும் தடைகளுள் ஒன்று. ஒருவற்கு அளிக்கும் சலுகை ஏனையோர்க்கு அநீதியாம் என்பது மற்றொன்று.

முன்னையது நீண்ட ஆராய்ச்சிக்கு உரியதன்று. நுகர்ச்சியின் அளவை வரையறுப்பவன் முதல்வனே; அளவுகோல் நம் கையில் இல்லை. குறை வினைவழி வந்ததாயின், உதவும் ஆசிரியர் வாய்த்தலும் அவ்வழி வந்ததேயன்றோ? கைவிட்டவன் செயலோ அவனுக்கு ஆகாமியமாய் ஏறும். பசித்தார்க்குச் சோறிடுங்கால் எவரும் வினைக்கணக்குப் பார்ப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் மட்டும் பார்ப்பது வியப்பே.

பின்னையதே ஆராயத்தக்கது. உயிர் தானே அறியும் இயல்பினதன்று, அறிவிக்க அறிவது என்பது சித்தாந்தத் துணிபு. கேவலத்தில் ஒன்றும் அறியாது கிடந்த உயிர்க்குத் தனு கரண புவன போகங்களைத் துணையாகக் கூட்டினான் இறைவன். ஆகலின், துணைகொண்டு அறிவார், துணையின்றி அறிவார் என உயிர்கள் இருதிறத்தன அல்ல. வேண்டும் துணையே வேறுபடும். விஞ்ஞானாகலர்க்கு உள்நின்றும், பிரளயாகலர்க்கு முன்னின்றும், சகலர்க்குக் குருவடிவில் மறைந்து வந்தும் உணர்த்தும் இறைவனைப் பட்சபாதம் உடையவன் என எவரும் கூறார். மந்தன் என்று பிள்ளைகளை வைகின்றோம்; நம் நூல்களிலோ மந்தம் என்பது சத்திநிபாத வகைகளுள் ஒன்றன் பெயராம்.

தண்டியடிகள் வரலாற்றை ஈண்டு நினைதல் தகும். பிறவியிலேயே கண்ணில்லாத அவர், திருவாரூர்த் திருக்குளத்தைக் கல்லத் துணிந்தபோது, குழியில் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண் கொட்டினார். கண்பெற்றது பின்னர் நிகழ்ந்த அருட்செயல்; தோண்டிய நாளெல்லாம் துணைநின்றது கயிறே. அக்கயிறு ஒரு கூடை மண்ணையேனும் அவர்க்காகச் சுமந்ததில்லை. மாறுகொண்டார் கருவியைப் பறித்ததோடமையாது தறியையும் கயிற்றையும் பிடுங்கினர். மிகைநேரம் அநீதி என்பார் தாம் யார் பக்கம் நிற்கின்றனர் என்பதை எண்ணுவாராக.

2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் இத்தகையாரை வேற்றுமையின்றிச் சேர்த்து, வேண்டுவன அளிக்கப் பணிக்கின்றது. எழுத உதவியாளர் வேண்டுவோர்க்குத் தேர்வில் மணிக்கு 20 நிமிடத்திற்குக் குறையாத மிகைநேரம் என 2018 இல் மத்திய அரசு நெறி வகுத்தது. மூன்று மணித் தேர்விற்கு ஒரு மணி. அவ்வொரு மணியிலும் விடையைச் சொல்பவன் அச்சிறுவனே.

சைவர் நடத்தும் பள்ளிகள், இத்தகைய பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே தாயை அமரச் செய்து, இவனுக்கு யாது வேண்டும் எனக் கேட்டுத் தொடங்கலாம். சட்டத்திற்கு அஞ்சிச் செய்யினும் செய்க. பிள்ளைக்கு அதனால் குறைவொன்றுமில்லை.